மங்கு க்ரீமை நிறுத்தினால் முகம் எரிகிறது: எப்படி நிறுத்துவது, அதற்குப் பிறகு என்ன?

மருந்துக்கடை_விருதுநகர் (கேள்வி)

மங்குக்கு (முகத்தில் படரும் கறுப்புத் திட்டு) டியூப் கேட்டு மெடிக்கலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிதுக்கித் தீர்ந்த பழைய டியூபைத்தான் நீட்டுகிறார்கள். திருப்பிப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே கலவை: ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். டாக்டர் சீட்டு கேட்டால், "ரெண்டு வருஷமா இதத்தான் போடுறேன், இதுக்கு எதுக்குச் சீட்டு?" என்கிறார்கள். தரமுடியாது என்றால் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

மறுப்பதோடு விடாமல், சரியாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பவேண்டும் என்றுதான் கேட்கிறேன். நிறுத்திய ஒரு வாரத்தில் முகம் சிவந்து எரிகிறது, மங்கு முன்னைவிடக் கறுக்கிறது என்கிறார்கள். ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகவா? அதற்குப் பதில் எதை, எவ்வளவு, எத்தனை நாள்? கர்ப்பிணிகளுக்கு என்ன சொல்வது? ஜாதிக்காய் உரசிப் போடலாமா என்ற கேள்வியும் தினம் வருகிறது.

தோல்சீட்டு

முதலில் அந்தக் கலவையின் கதை, ஏனென்றால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் வெளியிட்ட சூத்திரத்தில் ஹைட்ரோகுயினோன் 5, ட்ரெட்டினாயின் 0.1, டெக்சாமெத்தசோன் 0.1 சதவீதம் இருந்தன. ஹைட்ரோகுயினோன் நிறமி உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கும். ட்ரெட்டினாயின் மேல்தோலைச் சீக்கிரம் உதிரவைத்து, மற்ற மருந்து உள்ளே இறங்க வழிவிடும். இவை இரண்டும் தோலை உறுத்தும் என்பதால் அதை அடக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. பின்னால் வந்த கலவையில் ஸ்டீராய்டை ஃப்ளூசினோலோன் 0.01 சதவீதமாகக் குறைத்தார்கள், எட்டு வாரம் என்று எல்லையும் போட்டார்கள். நம் ஊர்க் கலவையில் இருக்கும் ஸ்டீராய்டான மொமெட்டசோன் அதைவிட வீரியமானது. எல்லையோ டியூப் தீரும்வரை, பிறகு அடுத்த டியூப் தீரும்வரை!

மூன்றாவது வாரத்தில் முகம் "பளிச்" ஆவதற்குப் பாதிக் காரணம் ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்குவதுதான். மங்கு போனதாக நினைத்துத் தொடர்ந்து போடுகிறார்கள். சில மாதத்தில் தோல் மெலிந்து கன்னத்தில் சிவந்த நூல்போல ரத்தக்குழாய்கள் தெரியும். ஒரே அச்சில் வார்த்ததுபோலப் பருக்கள் வரும், தாடை ஓரம் பூனைமுடி வளரும், வெயிலில் இறங்கினாலே எரியும். ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தோல் மருத்துவர்கள் இதற்கே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2018-இல் இந்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டின்றி விற்கக்கூடாத ஹெச் பட்டியலில் சேர்த்ததும் இதனால்தான். உங்கள் மறுப்புக்குச் சட்டம் துணை இருக்கிறது.

நிறுத்துவது எப்படி என்பது எத்தனை நாள் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. ஆறேழு வாரத்துக்குள் என்றால், முகத்தில் மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லையென்றால், அன்றோடு நிறுத்தலாம். பல மாதம், வருடம் என்றால் மருத்துவர்கள் இரண்டு வழியில் போவார்கள். ஒன்று, மொமெட்டசோனை விட்டு ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம்போல மெலிதான ஒன்றுக்கு இறங்கி, இரண்டு வாரம் இரவில் மட்டும், அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம். இன்னொன்று, ஸ்டீராய்டை அப்படியே விட்டுவிட்டு ஸ்டீராய்டு இல்லாமலே வீக்கத்தை அடக்கும் டாக்ரோலிமஸ் 0.03 அல்லது 0.1 சதவீதக் களிம்பு. டாக்ரோலிமஸும் முதல் நாலைந்து நாள் சூடாக எரியும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதியில் விடுபவர்கள் அங்கேதான் விடுகிறார்கள். டியூபை ஃப்ரிட்ஜில் வைத்துப் போட்டால் எரிச்சல் தாங்கும்படி இருக்கும். பரு நிறைய இருந்தால் மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ப்பார், கர்ப்பிணிக்கு அது கூடாது. இவை எல்லாம் சீட்டு மருந்துகள். கவுன்டரில் நீங்களே எடுத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது, தோல் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லத்தான்.

கவுன்டரில் நீங்கள் தாராளமாகச் சொல்லக்கூடியது இது: எரிச்சல் அடங்கும்வரை, ஆறு வாரம்கூட ஆகலாம், முகத்தில் எந்த "ட்ரீட்மென்ட்"டும் கிடையாது. வைட்டமின் சி சீரம், கிளைக்காலிக் ஆசிட், ஃபேஷியல், ப்ளீச், ஸ்க்ரப் எதுவும் வேண்டாம். நுரைக்காத க்ளென்சரால் நாளைக்கு இரண்டு கழுவல், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்க்ரீன், இவ்வளவுதான். எரிந்தால் பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம், ஒரு நாளில் மூன்று நாலு தடவை. ஐஸ்கட்டியை நேரே வைக்கக்கூடாது.

முன்னைவிடக் கறுக்கிறது என்பதும் பொய்யில்லை. நம் நிறத் தோலில் வீக்கம் எங்கே வந்தாலும் அங்கே கறுப்பு விட்டுப் போகும். ஸ்டீராய்டு அடக்கி வைத்திருந்த வீக்கம் கிளம்பும்போது மங்கின்மேல் அந்தக் கறுப்பும் ஏறுகிறது. முதல் மாதத்தில் இதைப் பார்த்துப் பயந்து பழைய டியூபுக்கே திரும்புவதுதான் வழக்கமான தோல்வி. முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதிப்பேர் தாங்கிவிடுவார்கள்.

அடங்கிய பிறகு என் முதல் தேர்வு அசலாயிக் அமிலம். 24 வாரம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் 20 சதவீத அசலாயிக் க்ரீம் 4 சதவீத ஹைட்ரோகுயினோனுக்கு ஈடாக நின்றிருக்கிறது. தோல் மெலியாது, அங்கங்கே வெளுக்காது. முகம் முழுக்கப் பட்டாணி அளவு இரண்டு போதும். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு, அடுத்த வாரம் தினம் இரவு, பிறகு காலையும் இரவும். முதல் மூன்று வாரம் ஊசி குத்தும், அரிக்கும். தடிப்போ தோல் உரிதலோ இல்லையென்றால் தொடரலாம். எட்டு வாரத்துக்கு முன் கண்ணாடியைப் பார்த்துக் குறை சொல்லக்கூடாது.

அதில் நகராதவர்களுக்கு ஸ்டீராய்டு இல்லாத ஹைட்ரோகுயினோன் 4 சதவீதத்தை மருத்துவர் தரலாம். இரவில் மட்டும், மங்கு உள்ள இடத்தில் மட்டும், மூன்று மாதம், பிறகு கட்டாய ஓய்வு. பருவுக்கான பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் போட்டால் தோலில் பழுப்புக் கறை படியும். கறை போய்விடும், ஆனால் ஆள் பயந்துவிடுவார்.

கர்ப்பிணிகளுக்கு ட்ரெட்டினாயினும் கூடாது, ஹைட்ரோகுயினோனும் கூடாது. பின்னது தோல்வழியே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடலுக்குள் போகும். சன்ஸ்க்ரீன், தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டு அசலாயிக், அதோடு பொறுமை. பேறுகாலத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்குத் தானே வெளுக்கும். பால் கொடுப்பவர்கள் க்ரீம் போட்ட கன்னத்தில் குழந்தையின் வாய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை க்ரீம் ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர். காப்பர்-டி மாதிரி ஹார்மோன் இல்லாத வழிக்கு மாற முடியுமா என்று மகப்பேறு மருத்துவரைக் கேட்கலாம்.

நிழல்குடை

மேலே சன்ஸ்க்ரீன் ஒரே வரியில் போய்விட்டது. மங்கைப் பொறுத்தவரை அதுதான் மருந்து, மற்றதெல்லாம் துணைக்கறி. அதிலும் எந்த சன்ஸ்க்ரீன் என்பது முக்கியம்.

எஸ்பிஎஃப் எண் புற ஊதா பி கதிருக்கானது. பிஏ பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறிகள் புற ஊதா ஏ-வுக்கு. மங்கைக் கறுக்க வைப்பதில் மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான்: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், அதிலும் நீல-ஊதாப் பகுதி. மாநிறத் தோலில் அது உண்டாக்கும் கறுப்பு வாரக்கணக்கில் நிற்கும். வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருக்கும் சன்ஸ்க்ரீன் இதைக் கிட்டத்தட்ட அப்படியே உள்ளே விடும். தடுப்பது இரும்பு ஆக்சைடு. அதாவது தோல்நிறம் கலந்த சன்ஸ்க்ரீன். பெட்டியின் பின்னால் சிஐ 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கிறதா பாருங்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளுக்கான எண்கள் அவை. அது கிடைக்கவில்லை, விலை கட்டவில்லை என்றால் சாதாரண எஸ்பிஎஃப் 50-ஐக் கீழே போட்டு, காய்ந்ததும் அதன்மேல் இதே எண்கள் உள்ள ஃபவுண்டேஷனோ காம்பாக்டோ பூசலாம். நிறம் ஒரு பிடி மஞ்சள் பக்கம் சாய்ந்திருந்தால் நம் முகத்தில் ஒட்டும், ரோஜா பக்கம் சாய்ந்தால் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும்.

அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. தோராயமாக ஒரு கிராமுக்குச் சற்றுக் கூட. காலையிலும் மதியமும் போட்டால் 50 கிராம் டியூப் மூன்று வாரத்தில் தீரவேண்டும். உங்களிடம் வாங்கிப் போகிறவர் அடுத்த டியூபுக்கு மூன்று மாதம் கழித்து வந்தால், அவர் பூசுவது சன்ஸ்க்ரீன் இல்லை, திருநீறு. வெளியில் நிற்கும் வேலை என்றால் இரண்டு மூன்று மணிக்கொரு முறை, வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டு (தேய்க்காமல்) மறுபடி பூச வேண்டும். பஸ் ஜன்னல், ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி பி கதிரைத் தடுக்கும். ஏ கதிரும் வெளிச்சமும் அதில் தாராளமாக நுழையும். டியூப்லைட், செல்போன் வெளிச்சத்துக்கெல்லாம் பயந்து காசைக் கொட்ட வேண்டாம். வெயிலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இதற்கெல்லாம் வழியில்லாதவர்களுக்குக் குடை இருக்கிறது. கறுப்போ கருநீலமோ, நெருக்கமாக நெய்த துணியில். நூறு நாள் வேலைக்குப் போகிறவரிடம் மூன்று மணிக்கொரு முறை டியூப் என்று சொல்வது அபத்தம். அகன்ற விளிம்புத் தொப்பி, அல்லது முக்காடுபோல முன்னே இழுத்துவிட்ட அடர்நிறத் துண்டு என்று சொன்னால் நடக்கும். அடுப்பு அனலும் மங்கைத் தூண்டும். ஹோட்டல் தோசைக்கல், டீ மாஸ்டர் பாய்லர், இட்லிக் கடை விறகடுப்பு எல்லாம் கணக்கில் சேரும்.

உற்றுப்பார்

கறுப்பாக இருப்பதெல்லாம் மங்கு இல்லை. கவுன்டரிலேயே பிரித்துப் பார்க்கச் சில அடையாளம் சொல்கிறேன்.

மங்கு இரண்டு பக்கமும் இருக்கும். கன்னம், நெற்றி, மேலுதட்டின்மேல், சிலருக்குத் தாடையோரம். ஓரம் வரைபடம்போல வளைந்து வளைந்து போகும். தடவினால் சமமாக இருக்கும், செதில் இருக்காது, அரிக்காது. அரிக்கிறது என்றால் வேறு ஏதோ என்று எடுத்துக்கொள்ளலாம்.

காய்ச்சல், மூட்டுவலி போய்ச் சில வாரத்தில் மூக்கின்மேல் கறுப்பு வந்தால் சிக்குன்குன்யா விட்டுச் சென்றது. மாதங்களில் தானே மங்கும். நெற்றிப்பொட்டு, கழுத்துப் பின்புறம் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்தால் அது இன்சுலின் எதிர்ப்பு. க்ரீம் கேட்பவரைச் சர்க்கரை பார்க்க அனுப்புங்கள். நெற்றி ஓரம், காதுக்கு முன்புறம் சாம்பல் கலந்த கறுப்பு வலைபோலப் படர்ந்தால் தலைமுடிச் சாயத்தைக் கேளுங்கள். சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனத்தின் ஒவ்வாமை இப்படி அரிப்பே இல்லாமலும் வரும். பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் என்றால் குங்குமமோ ஸ்டிக்கர் பசையோ. கன்ன எலும்பு மேட்டில் மட்டும், கூடவே முதுகெலும்பு, தோள்பட்டை மேட்டிலும் என்றால் பீர்க்கங்கூடோ நைலான் நாரோ போட்டுத் தேய்க்கிறார் என்று அர்த்தம். ஒரு கண்ணைச் சுற்றி மட்டும், சின்ன வயதிலிருந்தே நீலச்சாம்பல் என்றால் அது மச்ச வகை.

கடைசியாக ஒன்று. ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில் போட்டவருக்குக் கன்னத்தில் கேழ்வரகு தூவியதுபோல நீலக்கறுப்புப் புள்ளிகள் வரலாம். அதை மங்கு முற்றிவிட்டதாக நினைத்து இன்னும் கெட்டியாகப் பூசுவார்கள். பூசப்பூச ஏறும். அந்த மருந்தை அவர் இனித் தொடவே கூடாது.

மருந்துக்கடை_விருதுநகர்

ரொம்ப நன்றி. பீர்க்கங்கூடு விஷயம் நான் கேட்டதே இல்லை, நாளையே கேட்டுப் பார்க்கிறேன். இன்னொன்று: மாதவிலக்கு அதிகமானால் கொடுக்கிற ட்ரனெக்சாமிக் ஆசிட் மாத்திரையை மங்குக்கு என்று கேட்டு வருகிறார்கள். யூடியூபில் பார்த்ததாம்.

தோல்சீட்டு

யூடியூப் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. 1979-இலேயே ஜப்பானில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். மங்குக்குத் தருவது 250 மில்லிகிராம், நாளைக்கு இருமுறை, எட்டு முதல் பன்னிரண்டு வாரம். உங்கள் கடையில் அதிகம் போகும் 500 மில்லிகிராம் ரத்தப்போக்குக்கானது. க்ரீம் கேட்காத மங்கு இதில் வெளுப்பதுண்டு. நிறுத்திச் சில மாதத்தில் திரும்புவதும் உண்டு.

ஆனால் இது ரத்த உறைவைக் கரையவிடாத மருந்து. காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு தனக்கோ நெருங்கிய ரத்த உறவிலோ இருந்ததா, கரு பலமுறை கலைந்ததா, கருத்தடை மாத்திரை உண்டா, புகை உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டுத்தான் எழுதுவார். ஒன்றுக்கு ஆம் என்றாலும் பெரும்பாலும் எழுத மாட்டார். கருத்தடை மாத்திரையால் மங்கு வந்து, அதற்கு இந்த மாத்திரையைச் சேர்த்து விழுங்குவதுதான் கடையில் நடக்கும் மோசமான சேர்க்கை. சாப்பிட ஆரம்பித்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனை போகவேண்டும்.

அம்மிக்கல்

ஜாதிக்காய்க்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பாலில் உரசிப் பூசினால் உறுத்தும், தோல் லேசாக உரியும், உரிந்த இடம் நாலு நாள் வெளுப்பாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் "கேட்குது" என்கிறார்கள். உறுத்திய தோல் பிறகு கறுக்கும் என்று மேலேயே சொல்லியாகிவிட்டது. எலுமிச்சைச்சாறு இன்னும் மோசம். பூசிக்கொண்டு வெயிலில் போனால் அந்தச் சாறே வெயிலோடு சேர்ந்து தீப்புண்போலக் கருக வைக்கும். கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் வேறு கிழங்குப் பொடி. பாட்டி வைத்தியப் பெட்டியில் ஆராய்ச்சியின் துணை ஓரளவு உள்ளது அதிமதுரம் ஒன்றுதான், அதுவும் அதிலுள்ள கிளாப்ரிடின் என்ற பொருளைப் பிரித்தெடுத்துச் சேர்த்த க்ரீமாக. வேரை உரசிப் பூசினால் அதே பலன் வரும் என்று சொல்ல முடியாது.

ஜாதிக்காயைவிட நான் பயப்படுவது, உற்பத்தியாளர் முகவரி, தொகுப்பு எண் எதுவும் இல்லாமல் ஃபேன்சி கடையிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் சிவப்பழகு டப்பாக்களை. ஒரே வாரத்தில் முகம் மாறுகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக வடிகட்டி கெட்டுப் புரதம் ஒழுகியதை அங்குள்ள மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பூசுகிறவருக்குக் கால் வீக்கம், சிறுநீரில் நுரை என்றால் டப்பாவோடு மருத்துவரிடம் அனுப்புங்கள். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனால் காரணம் பிடிபடாது.

கோவை_ஒளி

லேசர் பற்றி ஒன்றும் வரவில்லை. 1064 நானோமீட்டர் க்யூ-ஸ்விட்ச் ஐந்தாறு தடவை செய்தால் சுத்தமாகிவிடும் என்று பல கிளினிக்கில் பேக்கேஜ் போடுகிறார்களே?

தோல்சீட்டு

வெளுக்கும், திரும்பும். திரும்பும்போது கூடுதலாகவும் வரும். தொடர்ந்து செய்தால் மழைத்துளி தெறித்ததுபோல வெள்ளைப்புள்ளி விழுவதுண்டு, அதைச் சரிசெய்வது மங்கைவிடக் கடினம். க்ரீமும் சன்ஸ்க்ரீனும் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் நகராதவருக்கு, குறைந்த சக்தியில், அனுபவமுள்ள கையில் என்றால் யோசிக்கலாம். அமிலம் வைத்துத் தோலை உரிக்கும் பீலிங்கும் அப்படித்தான். இரண்டு முதல் நாலு வாரம் தோலைத் தயார் செய்யாமல் முதல் நாளே கிளைக்காலிக் 50 சதவீதம் வைக்கும் பார்லர்களிலிருந்துதான் கருகின கன்னங்கள் வருகின்றன. முதல் தடவையிலேயே முழுப் பேக்கேஜுக்கும் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

மருந்துக்கடை_விருதுநகர்

கடைசிக் கேள்வி. ஹைட்ரோகுயினோன் டியூபில் க்ரீம் பழுப்பாக வருகிறது, மருந்து கெட்டுவிட்டதா என்று இன்று ஒருவர் கொண்டுவந்தார். காலாவதி தேதி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

உற்றுப்பார்

கெட்டுவிட்டது. காற்றும் வெளிச்சமும் பட்டு ஆக்ஸிஜனேற்றம் ஆகியிருக்கிறது. நறுக்கிய ஆப்பிள் கறுப்பதுபோலத்தான். இனி வேலை செய்யாது, உறுத்த மட்டும் செய்யும். தேதியைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்துத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். வாய் மட்டும் லேசான மஞ்சளாகி உள்ளே வெள்ளையாக இருந்தால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டுப் போடலாம். உங்கள் அலமாரியில் இதே லாட் டியூப்கள் ஜன்னல் பக்கம் இருந்தால் ஒன்றைத் திறந்து பார்த்துவிடுங்கள்.